முத்தம்மா பாடிய நாற்பது நிமிடம்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். பி.யு.சி.யில் நூற்றுக்கு அறுபத்தெட்டு, பி.ஏ.யில் அறுபத்தொன்று. எங்கள் காலனியில் எனக்கு முன்னால் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், பொன்னேரி நூலகத்து அகராதியை வைத்துக்கொண்டு நானாக வாங்கிய மதிப்பெண். விசாரணைக் குழுவினர் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய காகிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் விவகாரம் முடிந்துவிடும், என் தற்காலிக வேலையும் ஜூன் மாதம் நிரந்தரமாகும் என்று பேராசிரியர் பாஷ்யம் தனியாக ஒரு கடிதமும் உள்ளே வைத்திருந்தார். நல்ல மனசு. ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு வாக்கியம் பொய். பொய்க்குக் கீழே என் பேரை எழுத என்னால் ஆகாது. அதனால் நடந்ததை நானே எழுதி அனுப்புகிறேன். அந்த வாக்கியம் எது என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஆரோக்கியமேரி. கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டினால் எங்கள் காலனி. என் நைனா யேசுதாஸ் நேற்றுவரைக்கும் அடுத்தவன் வயலில் ஏர் ஓட்டியவர். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்குகிறார். நான் இரண்டு வருடமாக உங்கள் தமிழ்த் துறையில் கள உதவியாளர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் பாடுவதை எழுதிக்கொண்டு வருவது என் வேலை. என் தமிழைப் பார்த்து எனக்கு அந்த வேலை கொடுக்கவில்லை. துறையில் வேறு யாரும் சேற்றில் இறங்க மாட்டார்கள்.

போன வருடம், எழுபத்து மூன்றில், திருவள்ளூரில் முதல் முறையாக வட்டாரக் குரல்கள் விழா நடத்தினீர்கள். இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் நடவுப் பாட்டு என்று போட்டிருந்தது. எட்டுக் கல்லூரிப் பெண்கள் கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, ஹார்மோனியத்துக்குத் தகுந்தாற்போல் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். நாற்று என்று கையில் பிடித்திருந்தது கொத்தமல்லிக் கட்டு. முகத்தில் கரி தடவியிருந்தார்கள். அந்தக் கரி என் முகத்தின் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையைத் தட்டி, "எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாரேன்" என்றாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் இந்த மேடையில் எங்கள் குரல் எங்கள் தொண்டையிலிருந்துதான் வரும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இதில் குற்றம் எதுவும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

எங்கள் தெருவில் முத்தம்மா இருக்கிறாள். ரத்த உறவு இல்லை, ஆனாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் போய்ப் பத்து வருடம். ஒரே மகன் கலியன். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இரும்பு உருக்குகிற வேலை. அங்கேயே நாலு பேரோடு தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவான். ஆரணியிலிருந்து பொன்னேரி வரைக்கும் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முத்தம்மாளை வண்டி வைத்துக் கூப்பிடுவார்கள். அவள் வாயைத் திறந்தால், செத்தவனை ஒரு தரம்கூடப் பார்க்காதவனும் அழுவான்.

மூன்று சாவு வீடுகளில் அவள் பின்னால் உட்கார்ந்து வரி வரியாக எழுதினேன். நோட்டைப் பாஷ்யத்திடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது கவிதைம்மா. பெரியவா எல்லாரும் இதைக் கேக்கணும். அந்த அம்மாளையே மேடையேத்திடுவோம்."

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஒப்பாரி: திருமதி முத்தம்மா. அந்தத் திருமதி என்ற எழுத்தை நாலைந்து தடவை விரலால் தடவிப் பார்த்தேன்.

முத்தம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். மேடை சரி, மாலை சரி, லாரியில் போய் வருவதும் சரி. நடவுப் பாட்டு விடிய விடியப் பாடுவாள். ஒப்பாரி மட்டும் மாட்டாள்.

"யாருக்குடி பாடறது?"

"சும்மா பாடு அத்தே. கேக்கறதுக்குத்தான்."

"சாவு உழாத எடத்துல மாரடிச்சா சாவு தேடிக்கினு வரும். இது தெரியாமயா பீயே படிச்ச?"

"அதெல்லாம் ஊட்டுக்கு. இது மேடை."

"மேடையில எவன் செத்தான்? உங்க வாத்தியாரா?"

குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் அது கண்டிப்பான வழக்கம். பிணம் இல்லாமல் ஒப்பாரி கிடையாது. உயிரோடு இருப்பவன் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்துவிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பாடினால்கூட வாயிலேயே அடி விழும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் படித்தவள்.

பாஷ்யத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"அதனாலென்ன. நோட்டுலதான் எல்லா வரியும் இருக்கே. ஸத்யபாமாகிட்ட குடு. முகாரியில மெட்டுப் போட்டுப் பாடிடுவா."

ஸத்யபாமா அவருடைய மாணவி. வீரராகவர் கோயில் குளத்துப் பக்கம் வீடு. நல்ல பெண், எனக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை. நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "மேரி, மாரடிக்கறதுன்னா நெஜமாவே அடிச்சுக்கணுமா, இல்ல ஜாடை காட்டினா போறுமா?" என்று கேட்டாள். ஜாடை போதும் என்றேன். அன்றைக்கு ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது.

விழா பிப்ரவரியில், சனிக்கிழமை. இனி தந்தி விஷயம்.

எங்கள் காலனிக்கு வருகிற தபால் யார் பேருக்கு வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மனியார்டர் கூப்பன், கோர்ட்டு நோட்டீஸ், பட்டாளத்துக் கடிதம் எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். தந்தி என்றால் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் தந்தி என்றாலே சாவு. காகிதத்தைக் கண்ணால் பார்த்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளை பிறந்ததற்கு வந்த தந்திக்கு அரை மணி நேரம் அழுத கதை எங்கள் தெருவில் உண்டு. அதனால் தபால்காரர் மோசஸ் அண்ணன் தந்தியைத் தெருவுக்குள் கொண்டுவர மாட்டார். புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, என்னை வரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் படித்து, சம்பந்தப்பட்டவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு சொல்வேன். நாலு வருடமாக இப்படித்தான்.

விழா அன்றைக்குக் காலை ஒன்பது நாற்பதுக்கு மோசஸ் மணி அடித்தார்.

"முத்தம்மா பேருக்கு. பட்டணத்துலேர்ந்து. நீயே பக்குவமா சொல்லிடும்மா."

ரசீதில் கையெழுத்துப் போட்டேன். யே. ஆரோக்கியமேரி, பி.ஏ. என்று முழுசாகப் போட்டு, நேரமும் எழுதினேன். எப்போதும் அப்படித்தான் போடுவேன். அந்த ரசீதுதான் இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறது. அது என் கையெழுத்துதான்.

பிரித்துப் படித்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பத்தே காலுக்கு லாரி வந்தது. முத்தம்மாளையும் சேர்த்து ஏழு பெண்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. பட்டணம் போகிற பாசஞ்சர் மெதுவாக எங்களைத் தாண்டிப் போய் ஸ்டேஷனில் நின்றது. இரண்டு நிமிடம் நிற்கும். பன்னிரண்டுக்குள் பட்டணம் போய்விடும். அது கிளம்பிய பிறகுதான் கேட்டைத் திறந்தார்கள்.

முத்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தலையிலிருந்து பாதிக் கனகாம்பரத்தைக் கிள்ளி என் தலையில் வைத்தாள்.

"உன்ன எங் கலியனுக்குக் கட்டலாம்னு பாத்தா நீ பீயே, அவன் மூணாங் கிளாசு. கட்டிக்கினாதான் இன்னா? கையெழுத்து நீ போடு, கஞ்சி அவன் காச்சட்டும்."

"கலியன் மாமா காச்சின கஞ்சிய எவ குடிக்கிறது?" என்று ஒருத்தி சொல்ல, லாரியே குலுங்கியது.

"இந்த வாரம் வருதா அத்தே?" என்று நான் கேட்டேன்.

"எங்க? ஞாயித்துக்கெழமயும் ஓ.டி. பாக்கறேன்னு சொல்லி அனுப்பிக்கிறான். நாளைக்கு நானே போயி பாத்துட்டு வரணும். கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு அவனுக்கு."

ஏன் கேட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். வேறு வழியாக அவளுக்குச் செய்தி எதுவும் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். வரவில்லை.

ஆரணி, பெரியபாளையம், வெங்கல் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையல் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு இலை போட்டார்கள். முத்தம்மா இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். "மேரி, உங்க ஐயர்மாருங்க கஞ்சத்தனம் பண்ணலடி, முந்திரி கீது" என்றாள்.

நாலரை மணிக்குக் கடைசியாக ஒரு தரம் கேட்டேன். இதை நீங்கள் அவசியம் பதிவு செய்ய வேண்டும். அவளுக்கு நான் வாய்ப்புக் கொடுத்தேன்.

"அத்தே, ஒரே ஒரு பாட்டு. எனக்காக."

"உனக்கு உசுரக் குடுப்பேன். இது ஆவாது. எவனாவது செத்தா சொல்லியனுப்பு, வந்து பாடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் ஸத்யபாமா தம்புராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் என் நோட்டு இருந்தது. முத்தம்மா அப்போதே பாடியிருந்தால், பாட்டு முடிந்ததும் தந்தியைக் கையில் கொடுத்து ரயிலேற்றியிருப்பேன்.

சரியாக ஐந்து மணிக்கு அவளை மேடைக்குக் கூட்டிப்போனேன். திரை மூடியிருந்தது. நடவுப் பாட்டுக்கு நிற்க வேண்டிய இடம் காட்டுகிறேன் என்று சொல்லி, மேடையின் நடுவில், மைக்குக்கு நேராக நிறுத்தினேன். மற்ற ஆறு பேரும் பின்னால் நின்றார்கள். டேப் ரிக்கார்டரைப் போடச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். இதெல்லாம் தற்செயல் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. தற்செயல் இல்லை.

"அத்தே, காலையில தந்தி வந்துச்சு. பட்டறையில நெருப்பு. கலியன் போயிட்டான்."

அவள் என்னையே பார்த்தாள். "எந்தக் கலியன்?" என்று கேட்டாள்.

"உங் கலியன்."

தந்தியைக் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து எழுத்தைத் தடவினாள்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

அவ்வளவுதான். நான் படித்தேன் என்றால் எங்கள் தெருவில் அதற்குமேல் கேள்வி கிடையாது. அவள் நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்தாள். பின்னால் நின்ற ஆறு பேரும் ஓடி வந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஓரத்துக்குப் போய், திரையைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

இரும்புருக்கப் போன மவன்
எலும்புருக வெச்சியேடா,
பட்டறை நெருப்புக்குப் பசியெடுத்த நேரத்துல
பெத்தவ கைச்சோறா போனியேடா.

இப்படி நாற்பது நிமிடம். எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்த பந்தலில் ஒரு இருமல் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்களும், அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே. பாஷ்யம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஸத்யபாமா தம்புராவை உறையில் போட்டுவிட்டாள். போன வருடம் என் கையைத் தட்டிய அம்மாள் இந்த முறை யாரையும் தட்டவில்லை. நான் ஓரத்தில் நின்று ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். அதுவரை எந்தச் சாவிலும் அவள் பாடாத வரிகள்.

முடிந்ததும் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் எழுந்து, "எம் புள்ளைய எடுக்கப் போவணும்" என்றாள். அப்போதுதான் அது நடிப்பில்லை என்று பாஷ்யத்துக்குப் புரிந்தது. தன் காரிலேயே அனுப்பிவைத்தார். ஆறு மணிக்குக் கிளம்பிய கார் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால்.

கலியன் செத்தது அன்று மாலை ஏழே காலுக்கு.

தந்தி உங்கள் கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். நாலே சொல். கலியன் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. அனுப்பியவன் அவனோடு வேலை செய்த பாக்கியராஜ். நெருப்பு என்று அதில் இல்லை. அது நான் சேர்த்தது. பட்டறை என்றால் நெருப்பாகத்தான் இருக்கும் என்று ஊகித்தேன், சரியாகவே இருந்தது. செத்துப்போனான் என்பதும் நான் சேர்த்ததுதான். அது இரண்டே கால் மணி நேரம் கழித்துச் சரியானது.

பாக்கியராஜ் காலையிலிருந்து கட்டிலருகில் இருந்திருக்கிறான். "அம்மா வந்துச்சா, அம்மா வந்துச்சா" என்று மத்தியானம் முழுக்கக் கலியன் கேட்டானாம். ஐந்து மணிக்கு மேல் கேட்கவில்லையாம். இந்த ஐந்து மணியை வைத்துக் காலனியில் ஒரு பேச்சு ஓடுகிறது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. முத்தம்மா தனக்குப் போட்ட பொன்னாடையைத்தான் அவன் மேல் போர்த்தினாளாம்.

காலையிலேயே ரயிலேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். உடம்பில் முக்கால்வாசி வெந்தவன் பிழைக்க மாட்டான் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விழுந்து அழுதிருப்பாள். "ஏ கிழவி, வெளியே போய் அழு" என்று யாராவது விரட்டியிருப்பார்கள். எங்கள் அழுகையை உலகம் எப்போதும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. நான் அதை எண்ணூறு பேரை எழுந்து நிற்கவைத்துக் கேட்கவைத்தேன். இரண்டு சுருள் டேப் உங்கள் துறை அலமாரியில் இருக்கிறது. அதை நீங்கள் அழிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அடுத்த வருட விழாவில் போடப்போவதாகக்கூடக் கேள்வி. அப்படியானால் நான் செய்ததில் எந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வாக்கியம். "முதல் தலைமுறைப் பட்டதாரியான இப்பெண், ஆங்கிலப் பழக்கம் போதாமையாலும், தந்தி என்றாலே மரணம் என்று கருதும் தம் மக்களின் வழக்கத்தாலும், செய்தியைத் தவறாகப் படித்துவிட்டார்." வேலை மும்முரத்தில் தந்தியை நான் சாயங்காலம்தான் பிரித்தேனாம். பரிதாபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். முகத்தில் கரி தடவிக்கொண்டு எழுதியது போல இருக்கிறது.

இதற்கு ஆதாரம் முத்தம்மாளின் சாட்சி என்று போட்டிருக்கிறது. அவள் உங்கள் முன்னால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். "அது மேல தப்பு இல்ல சாமி. கொழந்த. இங்கிலீசு சரியா வராது அதுக்கு, தப்பாப் படிச்சிடுச்சி. உசுரோட இருந்த புள்ளைக்கு ஒப்பாரி வெச்சவ நானு. எம் புள்ளைய பாடியே கொன்னவ நானு. அத வுட்டுடுங்க."

அவள் இப்போது எந்தச் சாவுக்கும் போவதில்லை. நடவிலும் வாயைத் திறப்பதில்லை. என்னைப் பார்த்தால் முன்போலவே, "துன்னியாடி?" என்று மட்டும் கேட்கிறாள். மற்றவர்களிடமும் எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். அதிலிருந்து காலனியில் யாரும் என்னிடம் கடிதம் கொண்டுவருவதில்லை. புளியமரத்தடியில் மோசஸைச் சுற்றி நின்று, அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்கிறார்கள். போன வாரம் பட்டறையிலிருந்து கலியன் விஷயமாக இங்கிலீஷில் ஒரு நீளமான கடிதம் வந்தது. மோசஸுக்குப் பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். யாரும் திரும்பவில்லை.

ஆகவே உங்கள் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். போலீசுக்குப் போவதானாலும் போங்கள், வீட்டில்தான் இருப்பேன். காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தத் தந்தியைப் படித்தேன். நாலு சொல்லும் புரிந்தது. புரிந்துதான் மடித்து வைத்தேன்.

ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். உங்களில் யாராவது ஒருவர் கவரைப்பேட்டைக்கு வந்து, முத்தம்மாளை உட்காரவைத்து, எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று சொல்ல வேண்டும்.